தடித்த சுவர் அழுத்தக் கலனில் துளையோர விரிசல்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

தடித்த சுவர் கொண்ட அழுத்தக் கலன் ஒன்று எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே பழுதாகும்போது, சுவரின் பருமன் போதவில்லை என்ற முடிவுக்குத்தான் பலரும் முதலில் வருகிறார்கள். ஆனால் கலனைப் பிரித்துப் பார்த்தால், அழுத்தமானிக்காகவோ வெப்பநிலை உணரிக்காகவோ பக்கவாட்டில் துளைத்த ஒரு சிறு துளையின் உள்வாயில்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். கலனின் முதன்மைத் துளையைக் குறுக்குத் துளை சந்திக்கும் அந்த விளிம்பில் என்ன நடக்கிறது என்பதை, வெளியே தெரியும் அறிகுறிகளிலிருந்து பின்னோக்கிச் சென்று கண்டறிவதற்கே இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

முதலில் சில எண்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கலனைக் கையில் வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 100 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 200 மில்லிமீட்டர், இரு முனைகளும் மூடியவை, பக்கவாட்டில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு குறுக்குத் துளை, வேலை அழுத்தம் 2000 பார், அதாவது 200 மெகாபாஸ்கல். எஃகின் யீல்டு வலிமை, அதாவது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை), 900 மெகாபாஸ்கல். தடித்த உருளைச் சுவரின் தகைவைத் தரும் லாமே சமன்பாட்டின்படி, துளை இல்லாத இடத்தில் உள்சுவரின் சுற்றுத் தகைவு (சுற்றளவுத் திசையில் இழுப்பது) அழுத்தத்தைப் போல் 1.67 மடங்கு, அதாவது 333 மெகாபாஸ்கல். அச்சுத் தகைவு (நீளவாக்கில் இழுப்பது) 0.33 மடங்கு, அதாவது 67 மெகாபாஸ்கல். இவை அச்சமூட்டும் எண்கள் அல்ல.

இப்போது துளைக்கு வருவோம். இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் காட்டினார். கலனின் சுவரில் இரு திசைகளிலும் இழுவிசை இருப்பதால், சுற்றுத் தகைவின் மும்மடங்கிலிருந்து அச்சுத் தகைவைக் கழிக்க வேண்டும். துளைக்குள்ளும் அதே அழுத்தம் புகுந்து அதன் சுவரைத் தள்ளுவதால், அழுத்தத்தை இன்னொரு முறை கூட்ட வேண்டும். கிடைப்பது அழுத்தத்தைப் போல் 5.67 மடங்கு, அதாவது 1133 மெகாபாஸ்கல். எஃகின் யீல்டு வலிமையை இது தாண்டிவிட்டது.

இந்தத் தகைவு துளையின் வாய் முழுவதும் பரவியிருப்பதில்லை. கலனுக்குள் நின்று துளையின் வாயைப் பார்ப்பதாகவும், அது ஒரு கடிகார முகம் என்றும், 12 மணியையும் 6 மணியையும் இணைக்கும் கோடு கலனின் நீளவாக்கில் அமைந்திருப்பதாகவும் கொள்ளுங்கள். 5.67 மடங்குத் தகைவு விழுவது 12 மணியிலும் 6 மணியிலும் மட்டுமே. 3 மணியிலும் 9 மணியிலும் அதே கணக்கைப் போட்டால் வருவது 0.33 மடங்குதான். அடுத்து வரும் அறிகுறிகளில் பல இந்தக் கடிகாரத்தைக் கொண்டே பிரித்தறியப்படுகின்றன.

சுவரைத் தடிமனாக்கினால் சிக்கல் தீருமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். வெளிவிட்டம் உள்விட்டத்தைப் போல் மூன்று மடங்கானால் துளையோரத் தகைவு 4.63 மடங்காகக் குறைகிறது. சுவர் எல்லையற்றுப் பருத்தாலும் 4 மடங்குக்குக் கீழே இறங்குவதில்லை. நம் கலனில் அது 800 மெகாபாஸ்கல். எஃகை இரட்டிப்பாக அள்ளிக் கொட்டினாலும் கிடைக்கும் ஆதாயம் இவ்வளவுதான். இன்னொரு விதமாகப் பார்த்தால், எஃகு எப்போது யீல்டு ஆகும் என்று கணிக்க உதவும் பெருமச் சறுக்குத் தகைவு என்ற அளவுகோலின்படி, சுவரின் பருமன் எதுவாயினும் சிறு குறுக்குத் துளையின் ஓரம் துளையற்ற உள்சுவரைவிடச் சரியாக 2.5 மடங்கு சுமையைத் தாங்குகிறது. நம் கலனின் துளையற்ற சுவர் யீல்டு ஆகத் தொடங்குவது ஏறத்தாழ 3375 பாரில்; துளையின் வாய் யீல்டு ஆகத் தொடங்குவதோ 1350 பாரில். ஆகவே, முதல்முறை வேலை அழுத்தத்துக்கு ஏற்றும்போதே அந்த விளிம்பு நிரந்தரமாகச் சற்று உருமாறிவிடுகிறது. இது உடனடி ஆபத்தன்று. அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியுள்ள மீட்சியுள்ள எஃகு அந்த விளிம்பை அமுக்கிவிடும், அடுத்த சுற்றிலிருந்து அது மீட்சி எல்லைக்குள்ளேயே இயங்கும். ஆனால் 2700 பாரைத் தாண்டினால் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு மாறி மாறி யீல்டு ஆகும். அதன்பின் அதன் ஆயுள் நீடிப்பதில்லை.

அழுத்தம் மெல்ல இறங்குகிறது

கலனை ஏற்றி வால்வை மூடிய சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கினால் உடனே விரிசல் என்று முடிவு கட்ட வேண்டாம். 2000 பாருக்கு வேகமாக அமுக்கப்பட்ட நீர் சில டிகிரி சூடாகிறது. அது ஆறும்போது அழுத்தமும் இறங்கும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். இணைப்பியின் கசிவுக் கண் (கசிவைக் காட்டுவதற்கென விட்ட சிறு துளை) வழியாக நீர் சொட்டினால் குற்றம், குழாய் அமர்ந்து அடைக்கும் கூம்பு இருக்கையில். அழுத்தத்தை முற்றிலும் நீக்கிய பிறகு இருக்கையைப் பார்த்துச் சரிசெய்யலாம். கலனின் வெளிச்சுவரில், துளைக்கு மேலோ கீழோ நீளவாக்கில் ஈரக்கோடு தெரிந்தால், உள்ளிருந்து புறப்பட்ட விரிசல் முழுச் சுவரையும் கடந்துவிட்டது என்று பொருள். அந்தக் கலனை உறுதிப்படுத்திப் பார்ப்பதற்காகக்கூட மறுபடியும் ஏற்றக் கூடாது.

12 மணியிலும் 6 மணியிலும் விரிசல்

இதுவே அதிகம் காணப்படும் வடிவம். விரிசல் கலனின் அச்சும் ஆரமும் சேர்ந்த தளத்தில், கலனை நீளவாக்கில் பிளப்பது போல் வளர்ந்திருக்கும். காரணம் ஏற்ற இறக்கச் சுழற்சியால் விளையும் உலோக அயர்வு. முதலில் பதிவேட்டை எடுத்து, வடிவமைப்பாளர் எத்தனை சுழற்சிகளைக் கருதினார், கலன் உண்மையில் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று ஒப்பிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை என்று எழுதிய கலன், செயல்முறை மாற்றத்துக்குப் பிறகு நாளுக்கு இருபது முறை இயங்குவது புதுமையன்று. முழுமையாக இறங்காமல் பம்பின் துடிப்பால் சற்றே ஏறி இறங்கும் சிறு சுழற்சிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுழற்சி எண்ணிக்கை சரியாக இருந்தும் விரிசல் முன்கூட்டியே வந்திருந்தால் விளிம்பின் நிலையைப் பாருங்கள். துளைக்கருவி உள்துளைக்குள் வெளிவரும் இடத்தில் பிசிறு நிற்கும். அதை அரம் கொண்டு அவசரமாக நீக்கியவரின் கீறல் நீளவாக்கிலேயே அமைந்துவிட்டால், விரிசல் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது. இந்தத் தகைவு மட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் ஆழக் கீறலே வளரத் தொடங்கப் போதுமானது. விளிம்பைக் கூம்பாகச் சீவிவிடுவதும் சரியான தீர்வாகாது. ஒரு கூரிய விளிம்புக்குப் பதில் இரண்டு மழுங்கிய விளிம்புகள் உருவாகும், உச்சத் தகைவு அவற்றுள் ஒன்றுக்கு இடம் மாறும். சீரான வளைவாக உருட்டி, கடைசி மெருகின் கோடுகள் துளையின் வாயைச் சுற்றிச் செல்லுமாறு தேய்ப்பதே நல்லது.

விரிசல் ஆழமற்றதாக இருந்தால், பலருக்கும் நம்பக் கடினமான ஒரு வழி உண்டு: துளையைப் பெரிதாக்குவது. உள்துளையுடன் ஒப்பிட்டால் குறுக்குத் துளை சிறியதாக இருக்கும்வரை, தகைவுச் செறிவு அதன் விட்டத்தைப் பொறுத்து ஏறத்தாழ மாறுவதில்லை. எனவே 10 மில்லிமீட்டர் துளையை ரீமரால் 12 மில்லிமீட்டராக்கினால் உச்சத் தகைவு கூடாமலேயே விரிசலுள்ள எஃகு வெளியேறிவிடும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்பும் ஒளிரும் காந்தத் துகள் சோதனையைச் செய்து, விரிசல் மறைந்த பிறகும் சற்றுக் கூடுதலாக வெட்டி எடுக்க வேண்டும். நுனி கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் கொஞ்சம் முன்னே போயிருக்கும். வெட்டிய விளிம்பில் முன்பிருந்த அமுக்கத் தகைவும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. ஆய்வாளரின் ஒப்புதலும் புதிய அயர்வுக் கணக்கும் இல்லாமல் கலனைத் திருப்பி ஓட்டக் கூடாது.

12 மணியில் மட்டும் விரிசல், 6 மணியில் இல்லை

துளை நேர் ஆரமாகச் செல்லாமல் கலனின் நீளவாக்கில் சாய்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சாய்ந்த துளை உள்சுவரை நீள்வட்டமாகச் சந்திக்கிறது. நீள்வட்டத்தின் நீண்ட அச்சு கலனின் நீளவாக்கில் அமைந்தால் செறிவு கூடும். 45 டிகிரி சாய்வில், ஒற்றைத் திசை இழுவிசைக்கான மும்மடங்கு 3.83 மடங்காகிவிடும். அதோடு, ஒரு பக்க விளிம்பு கத்தி முனைபோல் குறுகிவிடுவதால் விரிசல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் தொடங்கும். இதற்கு நேர்மாறாக, நீண்ட அச்சு சுற்றுத் திசையில் அமைந்த நீள்வட்டத் துளை செறிவைக் குறைக்கிறது. வடிவமைப்பின்போது இடம் இருந்தால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பழுது பார்க்கும் கட்டத்தில் அது கைகூடுவது அரிது.

3 மணியிலும் 9 மணியிலும் விரிசல்

உள் அழுத்தத்தின் மேல் பழி போட வேண்டாம். அந்த இரு புள்ளிகளில் அழுத்தம் தரும் தகைவு 67 மெகாபாஸ்கல் மட்டுமே. கலனை நீளவாக்கில் இழுக்கும் அல்லது வளைக்கும் வேறொரு விசை இருக்கிறது: தாங்கிகளின் மட்டம் மாறியிருக்கலாம், இணைப்புக் குழாய் வெப்பத்தில் நீண்டு தள்ளிக்கொண்டிருக்கலாம், அல்லது கம்ப்ரெசரின் அதிர்வு குழாய் வழியாக வந்துகொண்டிருக்கலாம். கலனை எவ்வளவு திருத்தினாலும் இந்த விரிசல் திரும்பி வரும். தேட வேண்டிய இடம் வெளியே இருக்கிறது.

துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் பல விரிசல்கள்

துளையின் வாயிலிருந்து எல்லாத் திசைகளிலும் குறுகிய விரிசல்கள் கிளம்பியிருந்தால், அது வெப்ப அதிர்ச்சியின் கையெழுத்து. சூடான சுவரில் உள்ள துளை வழியாகக் குளிர்ந்த திரவம் புகும்போது, துளையைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கு மட்டும் திடீரெனச் சுருங்க முயல்கிறது. பின்னாலுள்ள தடித்த எஃகு அதை விடுவதில்லை. அனல் மின்நிலையக் கொதிகலன்களின் ஹெடர்களில் (பல குழாய்கள் வந்து சேரும் தடித்த குழாய்கள்), குழாய்த் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் காணப்படும் விரிசல்கள் இந்த வகையே. தீர்வு இயக்க முறையில் இருக்கிறது: உள்ளே அனுப்பும் திரவத்தை முன்கூட்டியே சூடாக்குவது, தொடக்க வேகத்தைக் குறைப்பது, அல்லது துளைக்குள் வெப்பத் தடுப்பு உறை ஒன்றைச் செருகுவது. இங்கே சுவரைத் தடிமனாக்குவது நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் தடித்த சுவரில் வெப்ப வேறுபாடு கூடும்.

ஆட்டோஃப்ரெட்டாஜ் செய்தும் விரிசல் வந்துவிட்டது

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அடிப்படை எளிதில் விளங்கும்: ஆறிச் சுருங்கிய பட்டை உள்ளிருக்கும் மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஆட்டோஃப்ரெட்டாஜில் தனிப் பட்டை கிடையாது. வேலை அழுத்தத்தைவிட மிக உயர்ந்த அழுத்தத்தை ஒரு முறை ஏற்றி, உள்ளடுக்கை யீல்டு ஆக்கி இறக்கினால், வெளியடுக்கே பட்டையாகி உள்ளடுக்கை அமுக்குகிறது. அந்த அமுக்கத்தையும் துளை மும்மடங்காக்கும் என்பதால்தான் குறுக்குத் துளைக் கலன்களுக்கு இது இவ்வளவு பயன் தருகிறது.

பயன் தரவில்லை என்றால் பின்வருவனவற்றை இதே வரிசையில் பாருங்கள். முதலாவது, ஏற்றிய அழுத்தம். நம் கலனில் 3375 பாருக்கு மேல் ஏற்றினால்தான் சுவரே யீல்டு ஆகத் தொடங்கும். 6240 பாரை நெருங்கினால் முழுச் சுவரும் யீல்டு ஆகிவிடும். பதிவில் 3000 பார் என்று இருந்தால், துளையின் வாய் மட்டும் பயன்பெற்றது, சுவர் பயன்பெறவே இல்லை. இரண்டாவது, வேலையின் வரிசை. ஆட்டோஃப்ரெட்டாஜ் முடிந்த பிறகு துளையைப் போட்டிருந்தால், உள்வாயில் அமுக்கம் செறியும் அதே வேளையில், வெளிச்சுவரில் சமநிலைக்காக நிற்கும் இழுவிசையும் துளையின் வெளிவாயில் செறியும். விரிசல் வெளியிலிருந்து உள்ளே வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். துளையைப் போட்டு, விளிம்பை உருட்டி முடித்த பிறகே ஏற்ற வேண்டும். மூன்றாவது, பிறகு செய்த ஹோனிங் (உள்துளையைத் தேய்த்து மெருகேற்றுவது). அமுக்கம் மிகுந்த அடுக்கைத்தான் அது தேய்த்து எடுக்கிறது. நான்காவது, வெப்பம். கலனைத் தகைவு நீக்க உலையில் வைத்திருந்தால் ஆட்டோஃப்ரெட்டாஜ் செய்யவே இல்லை என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. இவை நான்கும் சரியாக இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், பௌசிங்கர் விளைவைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். இழுவிசையில் ஒருமுறை யீல்டு ஆன எஃகு அமுக்கத்தில் முன்னதாகவே யீல்டு ஆகிவிடும். எனவே உண்மையில் தங்கும் அமுக்கம் எளிய கணக்கு சொல்வதைவிடக் குறைவு.

வெளியிலிருந்து வெல்டு செய்த இடத்தில் மறுபடியும் விரிசல்

கசிவைக் கண்டதும் வெளியே வெல்டு வைத்து அடைப்பது என்னைப் பொறுத்தவரை எந்த நிலையிலும் ஏற்கத் தகாதது. விரிசலின் வேர் உள்ளே இருக்கிறது. வெளியே வைத்த வெல்டு அதைத் தொடுவதே இல்லை. அதோடு உயர் வலிமை எஃகு வெல்டின் வெப்பத்தில் கடினமாகி ஹைட்ரஜன் விரிசலுக்கு இடம் கொடுக்கிறது, நல்ல அமுக்கத் தகைவும் அழிகிறது. வெல்டு செய்த நாசில் (குழாய் இணையும் வாய்) ஓரங்களை வெப்பச் சிகிச்சைக்குப் பின் மறுபடியும் சோதிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, ஸ்காட்லாந்தின் காக்கென்சி மின்நிலையத்தில் 1966இல் நீரழுத்தச் சோதனையின்போது உடைந்த கொதிகலன் டிரம் சான்று. உடைவு தொடங்கியது ஒரு நாசிலின் ஓரத்தில் முன்பே இருந்த விரிசலில்.

மீயொலிச் சோதனை சுத்தம் என்கிறது, ஆனால் விரிசல் இருக்கிறது

விரிசல் அச்சும் ஆரமும் சேர்ந்த தளத்தில் இருப்பதால், ஒலிக்கற்றையைச் சுற்றுத் திசையில் சாய்த்து அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலான சோதனையாளர்களுக்குத் தெரியும். தவறு வேறிடத்தில் நடக்கிறது. வழக்கமான 45 டிகிரி ஆய்வியை நம் கலனின் வெளிச்சுவரில் வைத்தால், கற்றை மையத்துக்கு அதிகபட்சம் 70.7 மில்லிமீட்டர் தொலைவுவரை நெருங்கி, உள்துளையைத் தொடாமலேயே வெளிச்சுவருக்குத் திரும்பிவிடும். உள்துளையின் ஆரமோ 50 மில்லிமீட்டர். விரிசல் 20 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் ஒழிய அந்தக் கற்றையில் படாது. வெளிவிட்டம் உள்விட்டத்தைப் போல் இரு மடங்காக உள்ள கலனில் கற்றையின் கோணம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சிறிய கோணத்தில் சாதாரண ஆய்வியிலிருந்து நெட்டலை, குறுக்கலை என இருவகை அலைகளும் கலந்து வந்து குழப்பும் என்பதால், கலனைத் திறந்து உள்ளிருந்தே போரோஸ்கோப், காந்தத் துகள் அல்லது சுழல் மின்னோட்டச் சோதனை செய்வதையே நான் விரும்புவேன்.

வெளிச்சுவரில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜின் (பரப்பு நீள்வதை அளக்கும் உணரியின்) அளவீடு இயல்பாக இருப்பதும் இதே வகை ஏமாற்றம்தான். வெளிச்சுவரின் சுற்றுத் தகைவு அழுத்தத்தைப் போல் 0.67 மடங்கு மட்டுமே. அங்கே அளப்பது உள்வாயைப் பற்றி எதுவும் சொல்லாது. உள்ளே ஒட்ட முடிந்தாலும், தட்டைத் தகட்டுக் கணக்கின்படி ஓரத்தில் 3 மடங்காக இருக்கும் தகைவு, துளையின் ஆரமளவு தள்ளிப்போனால், அதாவது 5 மில்லிமீட்டரில், 1.22 மடங்காக இறங்கிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் நீளமுள்ள கேஜ் காட்டுவது உச்சத்தையன்று, சரிவின் சராசரியை.

கணினிக் கணக்கின் உச்சம் பொருந்தவில்லை

கலனைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு கூறு முறையில் 5.67 மடங்குக்குப் பதிலாக 4.67 மடங்கு வந்தால், குறுக்குத் துளையின் சுவரில் அழுத்தத்தைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். விடுபட்டது சரியாக ஒரு மடங்கு. 6 மடங்கு வந்தால், மூடிய முனைகளின் அச்சு விசை மாதிரியில் இல்லை. ஆனால் முனை மூடியின் விசையைத் தனிச் சட்டகம் தாங்கும் கலன்களுக்கு 6 மடங்கே சரியான விடை என்பதால், திருத்துவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்.

வலையை நுணுக்க நுணுக்க உச்சம் நில்லாமல் ஏறிக்கொண்டே போனால் அது வேறு சிக்கல். இரு துளைகள் சந்திக்கும் விளிம்பில் எஃகு வெளிநோக்கிய மூலையாக இருப்பதால், விளிம்பு கூராக இருந்தாலும் தகைவு ஒரு எல்லையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உச்சம் விழுவது வேறிடத்தில்: மரையின் அடியில், இருக்கையின் உள்மூலையில், அல்லது நீங்களே ஒற்றைப் புள்ளியில் கட்டிப்போட்ட தாங்கியில். மரையும் உள்மூலையும் உண்மையான கலனிலும் உள்ளவை. அவற்றை உண்மையான வளைவு ஆரத்தோடு வரைந்து மறுபடியும் கணக்கிட வேண்டும். தாங்கிப் புள்ளியில் வரும் உச்சத்தை மட்டும் புறக்கணிக்கலாம். விரிசல் வளர்ச்சிக் கணக்குக்குப் போகும்போது, விரிசலின் முகங்களிலும் 2000 பார் அழுத்தம் புகுந்து நிற்கிறது என்பதைத் தனியே உள்ளிட வேண்டும். பல மென்பொருள்களில் அது தானாகச் சேர்வதில்லை.